அரிதும் அருமையும்



சந்தைக்கு வந்த சரக்கு விற்றுத் தீர எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் ஆலங்குளத்தை அடுத்த பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் கத்தரியும் வெண்டையும் வந்திறங்கி, விலை பேசி, வண்டியேறுவதற்குச் சில மணி நேரமாவது பிடிக்கும். அதுவும் நாளைக்கு வைத்தால் அழுகிவிடும் என்ற அச்சத்தால் நடக்கும் அவசர வியாபாரம். ஆனால், 2021ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் இந்தியாவில் இணையத்தின் வழியே விற்பனைக்கு விடப்பட்ட 120 மோட்டார் சைக்கிள்கள், 120 நொடிகளுக்குள் விற்றுத் தீர்ந்தன. மோட்டார் சைக்கிள் அழுகும் பொருள் அன்று. பின் எதற்காக இத்தனை அவசரம்?

விற்றது, நம் சென்னையில் தலைமையகம் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1901ஆம் ஆண்டு அந்தப் பெயரில் முதல் மோட்டார் சைக்கிள் உருவாயிற்று. அதன் 120ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, இன்டர்செப்டர் 650, பந்தய வண்டியின் சாயலில் அமைந்த கான்டினென்டல் ஜிடி 650 ஆகிய இரண்டிலும் சிறப்புப் பதிப்புகளை வெளியிட்டனர். உலகம் முழுமைக்கும் 480 வண்டிகள் மட்டுமே. அவற்றில் இந்தியாவின் பங்கு 120; வகைக்கு அறுபது. ஒவ்வொரு வண்டியிலும் 'அறுபதில் இத்தனையாவது' என்ற எண் பொறிக்கப்பட்டது. இப்போது 125ஆம் ஆண்டும் வந்துவிட்டது. அதனை முன்னிட்டு, 2025 நவம்பரில் இத்தாலியின் மிலான் கண்காட்சியில் கிளாசிக் 650 வண்டியின் சிறப்புப் பதிப்பைக் காட்சிக்கு வைத்தனர். பார்க்கும் கோணத்திற்கேற்பச் செம்மையும் பொன்மையுமாக மாறித் தோன்றும் வண்ணம் அதற்குப் பூசப்பட்டிருந்தது.

நம் வீட்டுப் பிள்ளைகள் இச்செய்திகளை நம்மைவிட நன்கு அறிவார்கள். அவர்களோடு பேச வேண்டுமானால், நாமும் சற்று அறிந்துகொள்வது நல்லது.

எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது?

'பதிப்பு' என்பது நூலுக்கு உரிய சொல். இன்று அது வாகனங்களுக்கும் வந்துவிட்டது. மேலை நாட்டுப் பந்தயக் கார்களில் இவ்வழக்கம் நெடுநாளாக உண்டு. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் தன் 911 என்ற புகழ்பெற்ற காரை 1963ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. 2013இல் அதன் பொன்விழாப் பதிப்பை வெளியிட்டபோது, சரியாக 1,963 கார்களை மட்டுமே செய்தது. அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனமும் அவ்வாறே. அதன் மஸ்டாங் கார் 1964 ஏப்ரலில் வெளிவந்தது. ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பாக 1,964 கார்களே செய்யப்பட்டன. பிறந்த ஆண்டே எண்ணிக்கையாயிற்று.

இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள். முத்து அரிதாயிருப்பது கடலின் இயல்பு. குறிஞ்சி அரிதாகப் பூப்பது மலையின் இயல்பு. ஆனால், 2021-22 நிதியாண்டில் ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகளை விற்ற ஒரு நிறுவனத்தால், 480க்கு மேல் செய்ய இயலாமற் போயிற்றா? இயலும். செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். இந்த அரிது, ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து தீர்மானிக்கப்பட்ட அரிது. அந்த வண்டியின் உள்ளே இருக்கும் 648 சி.சி. இயந்திரமோ, கடையில் யாரும் வாங்கக்கூடிய வண்டியில் உள்ள அதே இயந்திரந்தான். மாறியவை வண்ணமும், அணிகளும், பொறித்த எண்ணுமே.

இதனால் அந்த நிறுவனம் ஏமாற்றியது என்று நான் கூறவில்லை. எத்தனை வண்டி, என்ன மாற்றம் என்பதை வெளிப்படையாகச் சொல்லியே விற்றார்கள். வாங்குபவர் எதற்குப் பணம் தருகிறார் என்பதை அறிந்து தர வேண்டும் என்பதே என் கருத்து.

பாராட்ட வேண்டியதும் உண்டு

அந்தப் பதிப்பில் என் மனத்தைத் தொட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் தொட்டியின் இருபுறமும் உள்ள பித்தளைச் சின்னத்தை எந்திரத்தில் அச்சடித்து ஒட்டவில்லை. பல தலைமுறைகளாக ஆலயங்களுக்குப் பித்தளை உருவங்கள் வார்த்துவரும் கைவினைக் குடும்பம் ஒன்றிடம் அப்பணியை ஒப்படைத்தனர். தொட்டியின் மேல் ஓடும் மெல்லிய கோடுகளும் கையால் தீட்டப்பட்டவை. அச்சுக் கோலும் அளவுகோலும் வைக்காமல், ஒரே மூச்சில் இழுக்கும் கோடு அது. பழகிய கைக்கன்றி வேறு எதற்கும் வசப்படாது. எந்திரம் மலிந்த காலத்தில் கைத்தொழிலாளியின் திறமைக்கு ஒரு நிறுவனம் மதிப்பளிப்பது நல்ல செய்தி. ஆண்டு நிறைவு கொண்டாடுவோர் பின்பற்றத்தக்க முறையும் அதுவே.

புல்லட்டின் உண்மையான வரலாறு

ஆனால், நூற்றிருபது ஆண்டு ஒரு பெயர் நிலைத்ததற்குக் காரணம் அறுபது பேர் வாங்கியதா? வரலாற்றைப் பாருங்கள்.

புல்லட் என்ற வண்டி 1932இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. 1950களின் தொடக்கத்தில் நம் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 350 சி.சி. புல்லட்டுகளைத் தேர்ந்தெடுத்தது. மலைப்பாதையிலும் மணலிலும் சுமையோடு செல்ல அது ஏற்றதாயிருந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்து நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தது. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் அங்கிருந்து உறுப்புகளை வரவழைத்துப் பூட்டினார்கள். சில ஆண்டுகளில் முழு வண்டியையும் இங்கேயே செய்யலாயினர்.

அடுத்து நிகழ்ந்ததுதான் வியப்பு. 1970ஆம் ஆண்டு அளவில் தாயகமான இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோயிற்று. பெற்ற ஊர் கைவிட்ட பெயரை, வளர்த்த ஊரான திருவொற்றியூர் காத்தது. 1977இல் இங்கு செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின!

இங்கும் இறங்குமுகம் வந்தது. 1994இல் ஐஷர் நிறுவனத்தின் கைக்கு வந்த பின்னும் விற்பனை தேறவில்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில், மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்ற பேச்சே எழுந்தது. அப்போது இருபத்தாறு வயதினரான சித்தார்த்த லால் இன்னும் சற்று அவகாசம் கேட்டுப் பொறுப்பேற்றார். பிறகு ஒரகடத்தில் 2013இலும், வல்லம் வடகாலில் 2017இலும் புதிய ஆலைகள் வந்தன. 2024-25 நிதியாண்டில் விற்பனை 10 லட்சத்தைக் கடந்தது.

இந்த நெடிய காலத்தில் அவ்வண்டியைத் தாங்கியவர்கள் யாவர்? சிப்பாயும், காவலரும், வயலுக்குச் சென்ற விவசாயியும், சிற்றூர்தோறும் கைக்கரியோடு அதன் நோயறிந்து மருந்து செய்த மெக்கானிக்கும் அன்றோ? பலரிடம் இருந்ததால், பல்லாண்டு உழைத்ததால், பழுது வந்தாலும் பார்க்க ஆளிருந்ததால் அது அருமையாயிற்று. அரிது என்று அறிவிப்பது வேறு. உழைத்து அருமையாவது வேறு. சிறப்புப் பதிப்பில் விற்கப்படுவது முன்னது. அதற்கு மதிப்பைக் கடன் கொடுத்திருப்பதோ பின்னது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்

அண்மையில் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "ஹஜ்ரத், நாட்டிலேயே அறுபது பேரிடந்தான் இருக்கிறது. அதில் ஒருவனாக இருப்பது பெருமையில்லையா?"

"அறுபதில் ஒருவனாவதற்கு நீ என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டேன்.

"பணம் கட்ட வேண்டும்" என்றான்.

"யார் கட்டுவது?"

சற்று மௌனமாயிருந்து, "வாப்பாதான்" என்றான்.

அவனை நான் குறை கூறவில்லை. பதினேழு, பதினெட்டு வயதில் தன்னைப் பிறர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எண்ணாதவர் யார்? அந்த ஏக்கத்தை அறிந்துதான் வணிகம் எண் போட்டு விற்கிறது. சிறப்புப் பதிப்பு எட்டாதவனுக்கு அதைப் போன்ற வண்டி. அதுவும் எட்டாவிட்டால் இருக்கிற வண்டிக்கு ஒலி கூட்டும் சைலன்சர் என்று ஆசை படிப்படியாக இறங்கி வந்து நம் வாசலில் நிற்கிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம் வழியாகத் தென்காசி செல்லும் சாலையில் இளைஞர்கள் பறக்கும் வேகத்தை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஈரச் சாலையில் ஒரு நொடி தவறினால் என்னவாகும் என்பதை, வீட்டில் விழித்திருக்கும் உம்மாமார்களிடம் கேட்க வேண்டும்.

பணத்தின் கணக்கும் இருக்கிறது. வெளிநாட்டில் வெயிலில் நின்று தந்தை அனுப்பும் தொகை; பீடி சுற்றிய கூலியில் தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்த தொகை; இவற்றிலிருந்து முன்பணம் போகிறது. மீதிக்குத் தவணை. வட்டியின் வாசலை மிதிப்பதில்லை என்று உறுதி பூண்ட குடும்பங்கள்கூட, வாகனக் கடன் என்று வரும்போது படிவத்தைப் படிக்காமலே கையொப்பமிட்டுவிடுகின்றன. பிள்ளை முகம் வாடுவதைக் காணப் பொறுக்காத அன்பு அது. ஆயினும், அந்த அன்பின் தவணையை ஐந்து ஆண்டுகள் கட்டப்போவது யார் என்பதைப் பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும்.

"வாங்கி வைத்தால் பின்னாளில் விலை ஏறும், இது முதலீடு" என்று சிலர் வாதிடுவர். ஏறலாம், ஏறாமலும் போகலாம். ஏற வேண்டுமானால் அதை ஓட்டக் கூடாது. கீறல் படக் கூடாது. உறை போட்டு நிறுத்த வேண்டும். ஏறிச் செல்ல அஞ்சும் வாகனத்திற்கு நாம் உடைமையாளரா, காவலாளியா?

கேட்க வேண்டிய மூன்று

பெற்றோரே, பிள்ளை வண்டி கேட்டால் எடுத்த எடுப்பில் சீறாதீர்கள். 'உன் வயதில் நான் நடந்தே போனேன்' என்ற பழங்கதை பயன் தராது. அருகில் அமர்த்தி மூன்று வினாக்களைக் கேளுங்கள்.

முதலாவது: எண்ணையும் சின்னத்தையும் வண்ணத்தையும் நீக்கிவிட்டால், இந்த வண்டி உனக்கு இப்போதும் வேண்டுமா? வேண்டும் என்றால் சாதாரண வண்டியே போதும்.

இரண்டாவது: இதற்கான பணம் யாருடைய எத்தனை மாத உழைப்பு? அதை ஒரு தாளில் அவன் கையாலேயே கணக்கிட்டு எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது: பத்தாண்டு கழித்து இது பழுதானால், நம் ஊரில் உறுப்பு கிடைக்குமா? பார்க்க ஆளுண்டா?

இவற்றுக்கு அவன் நேர்மையாக விடை சொல்லி, தேவையும் இருந்து, வசதியும் இருந்தால் வாங்கிக் கொடுங்கள். நல்ல வாகனத்தை விரும்புவது குற்றமன்று. தலைக்கவசத்தையும் சேர்த்து வாங்குங்கள். அதை அணிந்தால்தான் சாவி என்று சொல்லுங்கள்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் திண்ணையோரம் பழைய புல்லட்டோ, ஓசூரில் பிறந்து 1980 முதல் நம் தெருக்களில் ஓடிய டி.வி.எஸ். 50 வண்டியோ தூசி படிந்து நிற்கக்கூடும். அதன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பதிவான தேதியைப் பாருங்கள். அதில் யார் யாரை ஏற்றிச் சென்றார், எந்த இரவில் மருத்துவமனைக்கு ஓடினார், எத்தனை மூட்டை சுமந்தார் என்று வாப்பாவிடம் கேளுங்கள். பிறகு அதை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய், கார்புரேட்டரைத் துடைத்து, ஒருமுறை உயிர் கொடுத்துப் பாருங்கள். அந்த வண்டிக்கும் ஆண்டு நிறைவு உண்டு. அதைப் போன்ற இன்னொன்று எந்தக் கடையிலும் இல்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.