வாசல் டைல்ஸை இந்த மாரியில் ஒருமுறை நனைத்துப் பாருங்கள்



மாரி மழை தொடங்கிவிட்டது. இனி ஜனவரி வரைக்கும் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, புல்மோட்டை, டவுன் என்று எங்கும் முற்றம் காயாது. அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறோம்.

போன வருசம் இதே காலத்தில் எங்கள் உம்மா சுபஹுக்கு வுழூ செய்துவிட்டு, குழாயடியிலிருந்து வீட்டுக்குள் ஏறும் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், இன்று வோக்கர் பிடித்து நடக்கிறார். அந்தப் படிக்குப் பளபளப்பான டைல்ஸைத் தேடித் தேடி வாங்கியது நாங்கள்தான். கடையில் நிறம் பார்த்தோம், விலை பேசினோம். "நனைந்தால் வழுக்குமா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம்மில் அநேகர் செய்வது இதுதான். வருகிற விருந்தாளியின் கண்ணுக்காக டைல்ஸ் பதிக்கிறோம். அதில் தினமும் ஈரக்காலுடன் நடப்பது வீட்டிலுள்ள வயதானவர்களும் பிள்ளைகளும்.

முன்பு கிணற்றடியில் கரடான சீமெந்துதான் இருந்தது. காய்வதற்கு முன் மேசன்மார் ஈர்க்குக்கட்டால் கோடு இழுத்து விடுவார்கள். பாசி பிடித்தால் அதுவும் வழுக்கும், ஆனால் தேய்த்துக் கழுவினால் பழைய பிடி வந்துவிடும். பிறகு நாலு காசு கையில் வந்ததும், ஹோலுக்குள் போடவேண்டிய டைல்ஸை வாசற்படிக்கும் போர்ட்டிக்கோவுக்கும் குழாயடிக்கும் கொண்டுவந்துவிட்டோம்.

பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு உராய்வு பற்றிப் படிப்பிக்கிறோம். டைல்ஸில் தண்ணீர் விழுந்தால், காலுக்கும் தரைக்கும் இடையில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உருவாகிறது. தரை சற்றுச் சொரசொரப்பாக இருந்தால் அந்தச் சிறு மேடுகள் படலத்தைத் தாண்டிக் காலைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி போல இருந்தால் கால் தண்ணீரின் மேல்தான் நிற்கிறது. பாசியோ சவர்க்கார நுரையோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிள்ளைகள் இதை எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள். நாம் கடைக்குப் போகும்போது மறந்துவிடுகிறோம்.

"பார்த்து நடந்திருக்கலாமே" என்று விழுந்தவரையே சொல்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். அதில் கூடுதலானோர் 60 வயதைத் தாண்டியவர்கள். இத்தனை பேரும் கவனமில்லாமல் நடந்தவர்களா? "அல்லாஹ்வின் நாட்டம்" என்றும் சொல்வோம். உண்மைதான். ஆனால் பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றும் நாம்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நம் வாசற்படியும் பாதைதான்.

புதிதாகப் பதிக்கப் போகிறவர்களுக்கு: பெட்டியில் 'ஆர்' எழுத்தோடு ஓர் இலக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். இது ஜேர்மனியில் வந்த முறை. எண்ணெய் தடவிய சாய்தளத்தில் ஆளை நடக்கவிட்டு, எத்தனை பாகைச் சாய்வில் வழுக்குகிறது என்று பார்ப்பார்கள். ஆர் 9 என்றால் 6 முதல் 10 பாகை, ஆர் 11 என்றால் 19 முதல் 27 பாகை. ஆர் 13 வரை உண்டு. மழை படும் இடத்துக்கு ஆர் 11 நல்லது. வெறுங்காலுடன் நிற்கும் இடங்களுக்கு ஏ, பி, சி என்று வேறு தரம் உண்டு, அதில் சி தான் கூடிய பிடி. இலக்கம் இல்லாவிட்டால், ஒரு டைல்ஸைத் தரையில் வைத்து நனைத்து, ஈரக்காலால் மிதித்துப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் தேங்காதபடி அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வைக்க மேசனிடம் சொல்லுங்கள்.

ஏற்கனவே பதித்தவர்கள் உடைக்கத் தேவையில்லை. வீடு முழுவதையும் ஒரே நாளில் செய்யவும் வேண்டாம். வாசற்படி, குழாயடி, வெளி பாத்ரூமுக்குப் போகும் வழி, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். மணல்தாள் போன்ற வழுக்காத டேப்பை படி விளிம்பில் ஒட்டலாம். தரை நன்றாகக் காய்ந்திருந்தால்தான் அது பிடிக்கும், தேய்ந்ததும் மாற்ற வேண்டும். பூசுகிற வகையும் இருக்கிறது, அதுவும் நாளடைவில் தேயும். பீலியிலிருந்து படியில் தண்ணீர் கொட்டினால் அதைத் திருப்பி விடுங்கள். படியோரம் ஒரு கைபிடியும் ஒரு லைட்டும் போடுங்கள். சுபஹுக்கு எழும்புகிறவர்களுக்கு அது பெரிய உதவி. கிழமைக்கு ஒருமுறை பாசியைத் தேய்த்து, சவர்க்காரம் மிஞ்சாமல் அலசி விடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சொரசொரப்பாகும் என்று அசிட் ஊற்றாதீர்கள். அது டைல்ஸின் மினுக்கத்தை அவ்வளவாகத் தொடாது, இடையிலுள்ள சீமெந்தைத்தான் அரிக்கும். அசிட்டையும் பிளீச்சையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

பள்ளிவாசல் நிர்வாக சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வுழூ செய்யும் இடம் எந்நேரமும் ஈரம். ஐந்து வேளையும் அங்கே வருபவர்களில் முதியவர்கள்தான் அதிகம். அடுத்த முறை திருத்த வேலை வரும்போது, சுவர் டைல்ஸின் அழகுக்கு முன் கால் வைக்கும் தரையைப் பற்றிப் பேசுங்கள்.

எங்கள் படியில் இப்போது கறுப்பு டேப் மூன்று வரிசையாக ஒட்டியிருக்கிறோம். பார்க்க அவ்வளவு அழகில்லை. உம்மா விழுவதற்கு முன்பே ஒட்டியிருக்கலாம். உங்கள் வீட்டில் இன்றே ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, வெறுங்காலுடன், பக்கத்தில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். வழுக்கினால் நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.