கொடியைப் பார்த்துச் செய்யலாமா?

சுட்டிகளே! மைன்கிராஃப்ட் விளையாட்டில் கட்டை கட்டையாக அடுக்கி வீடு கட்டுகிறீர்கள். வாசலில் ஒரு கொடி தொங்கினால் தனி அழகுதான்!

இந்தக் கொடிகள் 2014-ல் விளையாட்டில் வந்தன. ஒரே நிறக் கம்பளிக் கட்டை ஆறு, குச்சி ஒன்று இருந்தால் வெறும் கொடி தயார். மொத்தம் 16 நிறங்கள். அதன்மேல் கோடு, வட்டம், முக்கோணம் என்று ஆறு அடுக்கு வரை சாயம் ஏற்றலாம். எது முதலில், எது பிறகு என்று யோசிப்பதில்தான் மூளைக்கு வேலை.

தோழி செய்த கொடியை நகல் எடுக்கவும் வழி உண்டு. அவள் கொடியையும், அதே அடி நிறமுள்ள வெறும் கொடியையும் கிராஃப்டிங் மேசையில் சேர்த்து வைத்தால் போதும். அவள் கொடி அவளிடமே இருக்கும்.

"அப்புறம் என்ன தப்பு?" என்கிறீர்களா? கொடி குறையாதுதான். ஆனால், "இது நானே செய்தது" என்று நீங்கள் சொன்னால், யோசித்து யோசித்துச் செய்தவளின் மனசு வாடிப் போகுமே!

பார்த்துச் செய்வது தப்பில்லை என்பதே என் கட்சி. பார்க்காமல் யார்தான் கற்றார்கள்? ஆனால், நகல் எடுத்தால் கை பழகாது. அடுக்கு அடுக்காக நீங்களே செய்து பாருங்கள். தவறினால் தண்ணீர்க் கொப்பரையில் நனையுங்கள். மேல் அடுக்கு மட்டும் போய்விடும். பிறகு ஓர் அடுக்கையாவது உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள்.

யாராவது பாராட்டினால், "முதலில் செய்தவள் இவள்தான்" என்று தோழியைக் காட்டுங்கள். அதனால் உங்கள் கொடி தாழ்ந்துவிடாது!