முதல் படகு: இன்ஜினைப் பார்த்து மயங்க வேண்டாம்

சேதராப்பட்டு விவசாய ஊர்தான். என்றாலும் கடல் அதிகத் தொலைவில் இல்லை. காலாப்பட்டு, கணபதிசெட்டிக்குளம் கரைகளுக்குச் சைக்கிளில் புறப்பட்டாலும் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். தொழிற்பேட்டைக்கும், பின்னர் கரசூர் வரை சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குமாக இப்பகுதியில் நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. இழப்பீட்டுப் பணம் கையில் இருந்து நிலம் மட்டும் சுருங்கிப்போன குடும்பத்தில், “பழைய பைபர் படகு ஒன்றை வாங்கிப் பங்குக்கு விட்டால் என்ன?” என்ற எண்ணம் எழுவது இயல்பே. அந்த எண்ணம் தவறு என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவசரத்தில் செய்தால் நிலம் போன வழியே பணமும் போகும்.

சந்தையில் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் எந்த உழவரும் வாங்குவதில்லை. கொம்பைச் சீவி எண்ணெய் தடவி நிறுத்தியிருந்தால் இன்னும் கூர்ந்து பார்ப்பார். அதே உழவர் கடற்கரைக்குப் போனால் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்கிவிடுகிறார். இன்ஜின் அவருக்குப் பழகிய பொருள். கிணற்றடியில் டீசல் இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய கை அது. பைபர் உடல்தான் அவர் அறியாதது, ஏமாற்றப்படுவதும் அங்கேதான். இன்ஜின் கெட்டால் மாற்றலாம். உடல் கெட்ட படகில் போட்ட பணம் திரும்பாது. நடுக்கடலில் அது பிளந்தால் போவது பணம் மட்டுமல்ல.

2004 டிசம்பர் 26-ல் வந்த ஆழிப்பேரலை ஆயிரக்கணக்கான படகுகளை உடைத்தது. அதன்பின் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு பைபர் படகுகளை வழங்கின. அவசரத் தேவைக்கென்று புதிது புதிதாகப் பட்டறைகள் முளைத்தன. பழக்கமில்லாத ஆட்கள் கட்டிய படகுகள் பல தரக்குறைவாக இருந்தன. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் அப்போதே இதுபற்றி எச்சரித்தது. நல்ல மனத்துடன் கொடுத்த படகும் கெட்ட படகாக இருக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆகவே எந்த ஆண்டில், எந்தப் பட்டறையில் கட்டியது என்று முதலில் கேட்க வேண்டும். விற்பவர் மழுப்பினால் அடுத்த படகைப் பார்ப்பது நல்லது.

பைபர் என்பது கண்ணாடி நார்ப்பாயை ரெசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டியது. ரெசின் சரியாக ஊறாத இடம் உட்புறத்தில் வெண்திட்டாகத் தெரியும். நார் குறைந்து ரெசின் மிகுந்த இடம் மொறமொறப்பாகி அடிபட்டால் வெடிக்கும். சிறிய சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு உடல் முழுவதும் லேசாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கெட்டியான இடத்தில் ‘டண்’ என்று கேட்கும். அடுக்குப் பிரிந்த இடத்தில் ‘பொத்’ என்று அடங்கிவிடும். தேங்காயைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவருக்கு இது கடினமல்ல. இன்ஜின் உட்காரும் இடத்தையும், பின்பலகையையும், மணலில் உராயும் அடித்தண்டையும் இரண்டு தடவை தட்டிப் பார்க்கலாம். பின்பலகைக்குள் மரம் வைத்துக் கட்டியிருந்தால், போல்ட் துளை வழியே நீர் இறங்கி மரம் உள்ளே மக்கியிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

மிதப்புக்காக அறைகளில் தெர்மகோல் அடைத்து மூடியிருப்பார்கள். விரிசல் வழியே அந்த அறைக்குள் நீர் புகுந்தால் படகு கனத்துவிடும். டீசல் கூடுதலாகும், கவிழ்ந்தால் மிதந்து காக்க வேண்டிய பகுதியும் பயன்படாது. நேற்றுப் பூசிய பெயிண்ட் பளபளக்கும் படகை வாங்க யோசிக்க வேண்டும்.

அடுத்தது காகிதம். ஒரு வரப்பைத் தாண்டினால் புதுச்சேரி, அடுத்த வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு என்ற நிலையில் வாழும் சேதராப்பட்டு மக்களுக்கு எல்லைத் தொல்லை புதிதல்ல. படகிலும் அதுதான். தமிழ்நாட்டில் பதிவான படகை வாங்கிப் புதுச்சேரிக் கரையில் நிறுத்தினால் மட்டும் போதாது. பதிவும் பெயரும் மாற வேண்டும். பதிவு எண்ணும் இன்ஜின் எண்ணும் காகிதத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுக்கலாம். படகின் மேல் வங்கிக் கடன் உண்டா என்பதுடன், மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் உண்டா என்றும் கரையில் விசாரிக்க வேண்டும். அந்தக் கடனுக்குப் பத்திரம் இருக்காது. ஆனால் பிடித்த மீனை யாருக்கு விற்பது என்பதை அதுதான் தீர்மானிக்கும். கரும்புக்கும் மணிலாவுக்கும் முன்பணம் வாங்கியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனையும் சரியாக இருந்தாலும் உழவர் தனியே படகு வாங்குவது சரியல்ல. கடற்கரையில் ஒவ்வொரு மீனவ ஊருக்கும் தன் பஞ்சாயத்து உண்டு. யார் எந்தக் கரையில் படகு ஏற்றலாம், என்ன வலை போடலாம் என்பதில் அதன் சொல் நிற்கும். 2021 ஆகஸ்டில் சுருக்குமடி வலை தொடர்பாக வீராம்பட்டினத்தாரும் நல்லவாட்டாரும் மோதிக்கொண்டதை நினைத்துப் பார்த்தால், வெளியூர்க்காரர் படகோடு மலிவாகக் கிடைக்கும் வலையையும் சேர்த்து வாங்குவது எவ்வளவு பெரிய வம்பு என்பது விளங்கும். பழகிய மீனவர் ஒருவரோடு கூட்டாக வாங்கலாம். அவரும் கைப்பணம் போட்டிருக்க வேண்டும்; கைப்பணம் போட்டவர்தான் படகைத் தன் படகாகப் பார்ப்பார். செலவு போக மீதியில் படகுக்கு எவ்வளவு, வலைக்கு எவ்வளவு, ஆட்களுக்கு எவ்வளவு என்பதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உறவு கெடாமல் இருக்கவே எழுத்து.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடுவது இன்னொரு தவறு. மூன்றில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வைக்க வேண்டும். வலை, கயிறு, டீசல், பனிக்கட்டி, ஆட்களுக்கு முன்பணம் என்று முதல் வாரத்திலேயே செலவு வரும். புயல் எச்சரிக்கை வந்தால் நாள் கணக்கில் படகு கரையில் கிடக்கும். விதைத்த பின் மழை தவறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுவது போலவே இதுவும்.

விலை பேசுமுன் ஒரு தடவை கடலில் இறக்கி ஓட்டச் சொல்ல வேண்டும். தன் பக்கத்து மீனவரும் உடன் ஏற வேண்டும். திரும்பியதும் படகைக் கரையில் இழுத்துப் போட்டு, உள்ளே எவ்வளவு நீர் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வீடு திரும்பலாம்.