எச்சரிக்கை உண்டு, ஏகுமிடம் எங்கே?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைத் தாக்கிற்று. ஓடைகள் காட்டாறாயின, குன்றுகள் சரிந்தன. கீழே வெள்ளம், மேலே சரியும் மண். இடையே, குழந்தையை இடுப்பில் இடுக்கித் தேயிலைச் செடியைப் பற்றிச் செங்குத்துச் சரிவில் ஏறினர் நம் மக்கள். உல்லாசப் பயணிக்கு மலையேற்றம் வீரவிளையாட்டு. லயத்து மக்களுக்கோ அது தலைவிதியாம்! அவ்விதியை எழுதியவர் யார்?

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் "வெளியேறுக" என்று எச்சரித்தது. காணியில்லாதவன் எங்கே வெளியேறுவான்? கொஸ்லந்தை மீரியபெத்தைக்கும் 2005-லும் 2011-லும் எச்சரிக்கை வந்தது; 2014 அக்டோபர் 29-ல் லயங்கள் மக்களோடு புதைந்தன. எச்சரிக்கை மாற்றிடமாகுமா?

1948-ன் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964 ஒப்பந்தம் மக்களை மந்தையெனப் பங்கிட்டது. 2003-ல் குடியுரிமை மீண்டது. காணியுரிமையோ பெரும்பாலோர்க்கு இன்றும் எட்டாக்கனி.

நிலமில்லை என்பார் சிலர். இவ்வாதம் நில்லாது. பெருந்தோட்டக் காணிகளிற் பெரும்பகுதி அரசின் உடைமை, கம்பெனிகள் குத்தகைக்காரரே. கொடுக்க நிலமுண்டு, மனமே இல்லை!

நாம் கேட்பது நிவாரணப் பொட்டலமன்று. ஆபத்தற்ற மண்ணில், தொழிலாளியின் பெயரில் உறுதி எழுதிய காணி! அடுத்த மழைக்கு முன் அது வேண்டும். அதுவரை நம் குரல் ஓயாது!