கருவிலேயே காப்போம்

கர்ப்பிணிக்கு “ஒரு மடக்குக் கள்ளு குடி, அலுப்புத் தீரும்” என்று சொல்வோர் லயத்திலும் உண்டு. இங்கே லிங்கநகரிலும் உண்டு. அதை நம்ப வேண்டாம்.

கள்ளோ, சாராயமோ, கசிப்போ, தாய் குடித்தால் தொப்புள்கொடி வழியே பிள்ளைக்கும் போகும். அதை முறிக்கும் அளவுக்குச் சிசுவின் ஈரல் வளர்ந்திருக்காது. கரு கலையலாம், எடை குறையலாம், மூளை வளர்ச்சி கெட்டால் ஆயுளுக்கும் மீளாது. இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்ற அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

84 நாள் பிரசவ லீவு நம் பெண்களின் உரிமை; ஒரு நாள் குறைந்தாலும் கேட்கிறோம். வயிற்றிலிருக்கும் பத்து மாதத்தையும் அதே கண்டிப்போடு காப்போம்.

ஆண் தோழர்களே, வீட்டுக்குப் போத்தல் கொண்டுவராதீர்கள். குடித்துவிட்ட தாயை ஏசாதீர்கள். இன்று நிறுத்தினாலும் பிள்ளைக்கு நன்மைதான். மருத்துவ மாதுவிடம் ஒளிக்காமல் சொல்லத் துணை நில்லுங்கள்.