கயிறு அவிழ்ந்தது, ரீல்ஸ் வந்தது: எங்கள் நிலைப்பாடு

மாணவர்கள் இணையத்தில் பரப்பும் சாதிப் பெருமையையும், மாணவிகள் அங்கே படும் இழிவையும் "பள்ளிக்கு வெளியே நடப்பது" என்று தலைமையாசிரியர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. எங்கள் அமைப்பின் உறுதியான நிலைப்பாடு இது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று அவர் பள்ளியில் சொன்ன பிறகே இது நடந்தது. இதையடுத்து அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறிகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது ஆகிய பரிந்துரைகளை முழுமையாக ஆதரிக்கிறோம். ஆனால் கயிற்றைத் தடுக்கும் சுற்றறிக்கை 2019-லேயே வந்துவிட்டது. கையிலிருந்த கயிறு இன்று போனுக்குள் போய்விட்டது.

யூனிஃபார்மிலேயே நாலு பையன்கள் ஸ்லோ மோஷனில் நடந்து வரும் ரீல்ஸ். பின்னால் சாதிப் பாட்டு, மேலே அரிவாள் படம், கீழே வகுப்புத் தோழர்களின் லைக்குகள். அந்தப் பாட்டு யாரை மிரட்டுகிறதோ அந்தப் பையனும் மறுநாள் அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும். ஒரு மாணவி கோப்பை வாங்கிய படத்தைப் போட்டால் "எந்த ஊரு?" என்று தொடங்கி "எந்தத் தெரு?" என்று போகிறது விசாரணை. தெருவை எதற்குக் கேட்கிறார்கள் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டியல் சாதிப் பெண் என்றால் ஆபாச வசை. சொந்த சாதிப் பெண் என்றால் "நம்ம பொண்ணு" என்ற பெயரில் வேவு. அவளுக்கென்று ஒரு விருப்பம் இருக்கலாம் என்பதை இரு தரப்புமே ஏற்பதில்லை.

வீடுகளில் இதற்குத் தீர்வாக மகளின் போனைப் பிடுங்குகிறார்கள். இதைக் கடுமையாக எதிர்க்கிறோம். பாடம், உதவித்தொகை, கல்லூரி விண்ணப்பம் எல்லாம் அந்தப் போனில்தான் வருகின்றன.

தலைமையாசிரியர்களே, வசை பாடிய பையனுக்கு டிசி கொடுத்து அனுப்பச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. வெளியே அவனை வரவேற்கக் காத்திருப்பது சாதிச் சங்கம். அவனைப் பள்ளியிலேயே வைத்து, பெற்றோரையும் அழைத்துப் பேசுங்கள். புகாரை அன்றே எழுத்தில் பதியுங்கள். கொடுத்தவர் பெயரை வகுப்பில் சொல்லாதீர்கள்.

மாணவர்களே, மிரட்டல் வந்தால் அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பள்ளிக்கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்றங்களுக்கு 1930. தயங்காமல் அழையுங்கள்.