சுறாவுக்கு ஒரு வக்காலத்து

திருப்பூர்க்காரர்களுக்குச் சுறாவோடு பழக்கமெல்லாம் இரண்டே இடங்களில்தான். ஒன்று சினிமாக் கொட்டகை. மற்றொன்று சாப்பாட்டு இலை. கொட்டகையில் சுறா மனிதனைத் தின்கிறது. இலையில் மனிதன் சுறாவைத் தின்கிறான். ஆகவே கணக்கு நேராகிவிட்டது என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை, நேயர்களே! பற்று வரவு இரண்டையும் சற்றுப் பார்த்துவிடுவோம்.

சுறா மனிதரைக் கடித்த சம்பவங்களுக்கென்றே அமெரிக்காவில் ப்ளாரிடா சர்வகலாசாலையில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். 2023-ஆம் வருஷத்தில், மனிதர் வம்புக்குப் போகாமலே சுறா கடித்ததாக உலகம் முழுவதிலும் அவர்கள் பதிவு செய்தவை 69. இது வரவு. இனிப் பற்று: 2019-ஆம் வருஷத்தில் மட்டும் மீன்பிடிப்பில் மாண்ட சுறாக்கள் ஏறக்குறைய 8 கோடி என்று விஞ்ஞானிகள் மதிப்பிட்டிருக்கிறார்கள். யார் யாரைக் கண்டு பயப்பட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

சுறா என்றால் ஒரே ஒரு மீன் அல்ல; பெரிய குடும்பம். அதில் 500-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆட்கொல்லி என்று பெயர் வாங்கியவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. பாக்கியுள்ளவை அந்தக் கெட்ட பெயரைச் சும்மா சுமந்து திரிகின்றன. அப்படிப்பட்ட சாதுக்கள் சில நம் தமிழ்நாட்டுக் கடலிலேயே இருக்கின்றன.

உங்கள் ஊர்ப் பனியன் பெட்டிகள் கப்பலேறுகிற தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரையில், கரையோரமாக 21 சின்னத் தீவுகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் பவளப் பாறைகள். 1986-இல் இந்தப் பிரதேசத்தைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். இந்தப் பாறைகளில் கருநுனிச் சுறா என்று ஒன்று வாழ்கிறது. முதுகுத் துடுப்பின் நுனியில் மையில் தோய்த்தாற்போலக் கறுப்பு. நீளம் நாலைந்து அடிதான். முழங்கால் அளவுத் தண்ணீரில்கூட நீந்தும். மூழ்குகிறவர் பக்கத்தில் போனாரானால் வாலைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடும். அவ்வளவு கூச்சம்! எப்போதாவது, ஆழமில்லாத நீரில் நடப்பவரின் காலை இரையென்று நினைத்துக் கடித்ததுண்டு. சீண்டினாலும் கடிக்கும். சீண்டினால் பூனைகூடத்தான் பிறாண்டுகிறது.

மூங்கில் சுறா என்று ஆங்கிலத்தில் சொல்லப்படுவது இதைவிடச் சாது. பெரும்பாலும் இரண்டடி, இரண்டரை அடிதான் இருக்கும். பாறை இடுக்கில் பதுங்கியிருந்து நண்டு, இறால், சின்ன மீன் என்று பொறுக்கித் தின்று காலட்சேபம் செய்கிறது. குட்டி போடாமல், தோல் பை போன்ற கூட்டுக்குள் முட்டையிடும்.

நம் முன்னோர்களும் சுறாவுக்குப் பயந்தவர்கள்தான். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே ஆள் இருந்தார். அவருக்குக் 'கடல் கட்டி' என்று பெயர். 13-ஆம் நூற்றாண்டில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரவாதிகளுக்குப் போயிற்று என்று எழுதியிருக்கிறார். இன்னொரு வேடிக்கை: இரவானதும் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம். திருடர்கள் இருட்டில் இறங்கி முத்தைக் கொண்டுபோகாமலிருக்கச் சுறாதான் காவல்!

இலங்கையைப் பற்றி 1859-இல் புஸ்தகம் வெளியிட்ட ஸர் எமர்ஸன் டென்னென்ட், முத்துக் குளிப்பில் சுறாவால் நேர்ந்த விபத்து மிக மிக அபூர்வம் என்கிறார். அத்தனை பேர் ஏககாலத்தில் கூச்சலும் கும்மாளமுமாகக் கடலில் இறங்கினால் சுறா அந்தப் பக்கம் தலை காட்டாது என்பது அவர் ஊகம். மந்திரம் பலித்ததோ இல்லையோ, இருபதில் ஒரு பங்கு மட்டும் தவறாமல் பலித்திருக்கிறது.

அது போகட்டும். இன்றைக்கு அந்தக் காவல்காரர்களின் கதி என்ன? உலகத்தில் 58 தேசங்களைச் சேர்ந்த 371 பவளத் திட்டுக்களில் காமிராவை இறக்கிப் பார்த்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு திட்டில் சுறாவே கண்ணில் படவில்லை. காரணம் சிக்கலானதல்ல. மற்ற மீன்களைப் போலச் சுறா லட்சக் கணக்கில் முட்டையிடுவதில்லை. கருநுனிச் சுறா மாதக் கணக்காக வயிற்றில் சுமந்து பெறுவது பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலு குட்டிகள். அந்தக் குட்டிகள் வளர்ந்து தாயாவதற்குச் சில வருஷங்கள் ஆகும். அதற்குள் வலை முந்திக்கொள்கிறது.

"டாலர் சிட்டி என்று பெயர் வாங்கிய ஊரிலே வந்து மீன் கதை சொல்கிறாயே, லாபம் உண்டா?" என்று கேட்பீர்கள். உண்டு. மாலத்தீவில் கணக்குப் பார்த்து 1993-இல் வெளியிட்டார்கள். பவளப் பாறையில் திரியும் ஒரு சாம்பல் நிறச் சுறாவைப் பிடித்து விற்றால் ஒரே தடவைக்கு 32 டாலர். அதையே உயிரோடு விட்டுவைத்தால், அதைப் பார்ப்பதற்காக மூழ்க வருகிற பிரயாணிகளால் வருஷத்துக்குச் சராசரி 3,300 டாலர். அதுவும் வருஷா வருஷம்! 2010-இல் மாலத்தீவு தன் கடல் முழுவதிலும் சுறா பிடிப்பதைத் தடை செய்தது. ஏற்றுமதிக் கணக்குத் தெரிந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

நம் தேசத்திலும் 2001-இல் திமிங்கலச் சுறா, வேளா மீன் முதலிய சிலவற்றுக்குச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால் சட்டம் கடற்கரையோடு நின்றுவிடும்; சமையலறைக்கு வராது. அங்கே அதிகாரம் உங்களுடையது.

மீனவர்களைக் குறை சொல்லுவதில் அர்த்தமில்லை. ஆர்டர் இல்லாமல் எந்தக் கம்பெனியாவது பனியன் தைக்குமா? கேட்கிறவர்கள் இருக்கும் வரையில் குட்டிச் சுறா கடைக்கு வந்துகொண்டுதான் இருக்கும். பிரசவித்த பெண்ணுக்குப் பால் சுரக்கும் என்று பால் சுறாவைத் தேடி வாங்குகிறோம். சின்னதாக இருப்பதெல்லாம் பால் சுறா அல்ல. பெரிய இனங்களின் குட்டிகளும் அந்தக் கூடையில் கலந்திருக்கக்கூடும். தவிர, சுறாவின் மாமிசத்தில் பாதரசம் சேர்வதால், கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் குழந்தைகளும் அதை அறவே தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க அரசாங்கத்தார் எச்சரித்திருக்கிறார்கள். யாருக்காக வாங்குகிறோமோ, அவர்களே சாப்பிடக் கூடாதென்றால் யோசிக்க வேண்டாமா?

பூண்டுக் குழம்பு இருக்கிறது. முருங்கைக் கீரை இருக்கிறது. புட்டுத்தான் வேண்டுமென்றால் சூரை மீனிலும் அருமையாக வரும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் கடைக்குப் போகும்போது, முழ நீளச் சுறாக் குட்டிகளைக் கூறு கட்டி வைத்திருந்தால் பேசாமல் அடுத்த கூறுக்கு நகருங்கள். உங்கள் கம்பெனியில் பக்கத்துப் பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிறவர் இராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரைக்காரராக இருந்தால், சங்கு குளிக்கப் போனவர்கள் எவராவது அவர் ஊரில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். நீருக்கடியில் சுறாவைக் கண்டவர்களின் கதை, சினிமாக் கதையைவிட எத்தனையோ நன்றாக இருக்கும். காசும் கிடையாது!